தளவாய் அண்ணாச்சி வாங்காத ரூபாய்

செந்திலாண்டவன் துணை

மாப்பிள்ளையூரணி,
விரோதி வருஷம் புரட்டாசி மாதம், வியாழக்கிழமை.

பினாங்கு பட்டணத்திலே அரிசிக்கடைக் கணக்கு எழுதிக்கொண்டு, கூடிய சீக்கிரம் காக்கிச் சட்டை மாட்டி மலாயா தேசத்தையே நடுங்க வைக்கப்போகிற எங்கள் அருமை மகன் சிரஞ்சீவி வன்னியபெருமாளுக்கு, ஆத்தூர் வெற்றிலைக்கும் அசல் கொட்டைப்பாக்குக்கும் ஏகச் சக்கரவர்த்தியும், மாப்பிள்ளையூரணி முச்சந்தி மரப்பெட்டிக் கடை என்னும் சிம்மாசனத்தில் மூட்டுவலியோடு வீற்றிருப்பவனும், உன் அப்பாவுக்கு அடுத்துப் பிறந்து, அவர் போன பிறகு உன்னைத் தூக்கிச் சுமந்ததில் இன்றைக்கும் ஒரு தோள் சரிந்தே நடக்கிறவனுமாகிய உன் சித்தப்பன் சிவனாண்டி ஆசி கூறி எழுதிக்கொள்வது. இந்தக் கடுதாசியை நீ பிரிக்கும்போது வயிறாரச் சாப்பிட்டு, காய்ச்சல் மண்டையிடி ஒன்றும் இல்லாமல், காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே நான் சௌக்கியம், உன் சித்தி சீனித்தாய் என்னைவிடச் சௌக்கியம், அவள் குரல் அவளைவிடச் சௌக்கியம், கடற்கரைப் பக்கம் போய்க் காதைக் கொடுத்தாயானால் பினாங்கிலேயே கேட்கும். உன் அம்மாவைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். அவசரப்பட்டுக் கடைசித் தாளைத் திருப்பாதே. மேலேயிருந்து வரிசையாகப் படித்து வா.

இந்த வருஷம் வெயிலைப் பற்றி என்ன எழுத, உப்பளத்துக்காரர்கள் பாத்தியிலே தண்ணீர் பாய்ச்சுவதையே நிறுத்திவிட்டார்கள், கூலியாட்கள் சாயங்காலம் சட்டையை உதறினால் ஆளுக்கு ஒரு மரக்கால் உப்பு விழுகிறது, அதையே மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். வெற்றிலைக் கட்டு ஆத்தூரிலிருந்து பச்சையாகப் புறப்பட்டு என் கடைக்கு வந்து சேரும்போது அப்பளமாக இருக்கிறது. இந்த வெயிலில்தான் உன் கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவந்தார். உன் அம்மா கட்டிலிலே சாய்ந்துகொண்டு, ஒரு எழுத்தும் விடாமல் வாசியுங்க கொழுந்தனாரே என்றாள். நான் வாசித்தேன். போலீஸ் உத்தியோகத்துக்கு நீ மனுப் போட்டதும், ஓட்டத்திலும் உயரத்திலும் நீ தேறியதும், சேர்ந்துவிட்டால் தங்க வீடு கொடுப்பார்கள், மூன்று வருஷம் கழித்து லீவு கொடுப்பார்கள், அப்போது வந்து அம்மாவை இங்கேயே கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று நீ எழுதியதும் வாசிக்கும்வரை என் குரல் கோயில் மணி மாதிரி இருந்தது. அதற்குக் கீழே இருந்ததை வாசித்ததும் மணியின் நாக்கு அறுந்துவிட்டது. முன்னே கடன் பட்டிருந்தேன், முழுவதும் தீர்த்துவிட்டேன் என்று நீ மனுவில் எழுதியிருக்கிறாய். ஊரிலிருந்து வந்த போலீஸ் ரிப்போர்ட்டில் பாக்கி நிற்கிறது என்று இருக்கிறது. கடன் பட்டது குற்றமில்லை, ஜப்பான் சண்டைக் காலத்தில் படாதவன் யார், ஆனால் இந்த இரண்டில் ஒன்று பொய், பொய் சொல்கிறவன் கையில் துப்பாக்கியைக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, தீபாவளிக்குள் கடன் கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட ரசீது வந்தால் சரி, இல்லையென்றால் மனுவைக் கிழித்துப் போடுவேன் என்று அங்கே உள்ள துரை சொன்னாராமே. நம்முடைய சித்தப்பாவா இப்படி எழுதிக் கொடுத்தார் என்று ஒரு வரி கேட்டிருந்தாய். அந்த ஒரு வரியை மட்டும் நான் உன் அம்மாவுக்கு வாசிக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஆவணி தொடக்கத்தில் ஒரு மத்தியானம் ஏட்டு அற்புதமணி சைக்கிளில் என் கடைக்கு வந்தார். அந்தச் சைக்கிள் வருகிற சத்தத்தில் துறைமுகத்துத் தோணியெல்லாம் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கும், அப்படி ஒரு சைக்கிள். மனுஷர் நல்லவர். நாசரேத்துப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், கடற்கரை வழக்கம் ஒன்றும் தெரியாது. ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, அண்ணாச்சி, வன்னியபெருமாள்னு மலாயாவுல ஒருத்தர் இருக்காராமே, உங்களுக்கு என்ன வேணும் என்றார். விடுவேனா நான். அவன் பிறந்த அன்னைக்குக் கடல் பயந்து ஒரு காததூரம் உள்ளே போயிட்டு, முயல் தீவுக்கு ஜனங்க நடந்தே போய் வந்தாங்க, பால் குடிக்கிற வயசிலே அவன் பொய் அழுகை அழுததே கிடையாது, அவன் முகத்தைப் பார்த்த களவாணி எல்லாம் தானாகப் போலீஸ் கச்சேரிக்குப் போய் விலங்குக்குக் கையை நீட்டினான் என்று ஆரம்பித்து நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அவர் தாளைக் காட்டி, அண்ணாச்சி, இதுல ஒரு கட்டந்தான் இருக்கு, நீங்க சொல்லுத புராணத்தை எங்கன எழுத, கடன் கிடன் உண்டா, அதை மட்டும் சொல்லுங்க என்றார். இருந்தது, தீர்ந்தது, கொடுத்தவரையே கேளும் என்று நானே கடையைச் சித்தியிடம் விட்டுவிட்டு, தூத்துக்குடி கடைத்தெருவுக்குத் தளவாய் அண்ணாச்சியின் கருப்பட்டி மண்டிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி சாக்கு மேலே உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துபோயிற்று. அவனா, அவனை மாதிரி நாணயஸ்தன் இந்தக் கடற்கரையிலே உண்டாவே, பிளசர் கார் வச்சிருக்கிறவனெல்லாம் எனக்கு நாமம் போட்டுருக்கான், அவன் மாசா மாசம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து அனுப்பி அடைச்சுட்டான், ஒரு ரூபாய்தான் நிக்குது என்றார். ஏட்டையா பேனாவை எடுத்து, நிக்குதா என்று கேட்டார். நிக்குது, நாந்தான் நிறுத்தி வச்சிருக்கேன், எவன் வந்து காலைப் பிடிச்சாலும் வாங்க மாட்டேன், நீர் அதைக் கொட்டை எழுத்துல எழுதும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார் அண்ணாச்சி. நானும் பக்கத்தில் நின்று, ஆமாவே, நல்லா எழுதும் என்று தலையை ஆட்டினேன். உனக்குத் தங்கப் பதக்கம் குத்தியாயிற்று என்று நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் குடித்தோம், ஏட்டையாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அவர் பாவம், பாக்கி நிற்கிறது என்ற பாதியை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கட்டத்தில் அவ்வளவுதான் இடம் இருந்தது.

இதை நீ துரையிடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும், அவர் தேசத்தில் இந்த வழக்கம் இருக்காது, ஆகையால் உனக்குத் தெரிந்த கதையையே விளக்கமாக எழுதுகிறேன். தளவாய் அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்து, முத்துக் குளிக்கிறவர்களும் சங்கு குளிக்கிறவர்களும் அவர்கள் கடையில்தான் பற்று வைத்து அரிசியும் கருப்பட்டியும் வாங்குவார்கள். கடலுக்குப் போகிறவன் எவனும் கணக்கை முழுசாக முடித்துவிட்டுப் போக மாட்டான். அவன் முடிக்க வந்தாலும் கடைக்காரர் விட மாட்டார். ஒரு ரூபாயை நிறுத்திவைப்பார். தண்ணீருக்குள்ளே இறங்குகிறவனுக்குக் கரையிலே ஒரு பாக்கி இருக்க வேண்டும், அதைத் தீர்க்கவாவது அவன் மேலே வந்து சேருவான் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்தக் கடைசி ரூபாயை வாங்குவது இரண்டு சமயத்தில்தான். குடும்பங்களுக்குள் சண்டை வந்து இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறபோது ஒன்று. ஆள் போய்விட்டான் என்று ஆகி, அவன் மகன் கொண்டுவந்து கட்டுகிறபோது ஒன்று. ஆகையால் கடன் தீர்ந்தது என்று நம் ஊர்க்காரன் சொன்னால், அந்த ஒரு ரூபாய் போகத் தீர்ந்தது என்றுதான் அர்த்தம். நீயும் பொய் சொல்லவில்லை, அண்ணாச்சியும் பொய் சொல்லவில்லை, ஏட்டையாவும் பொய் எழுதவில்லை.

அந்தக் கடன் எப்படி வந்தது என்று துரை கேட்டால் அதையும் சொல். சண்டைக் காலத்தில் நீ அண்ணாச்சியிடம் கடனாகக் கருப்பட்டி வாங்கித் தோணியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பியதையும், கார்த்திகைக் காற்றில் முயல் தீவைத் தாண்டுமுன்னே தோணி தண்ணீர் எடுத்ததையும், தோணிக்காரர்கள் உயிரோடு வந்ததே பெரிசு என்று ஆனதையும் சொல். சரக்கு முழுவதும் கரைந்து கடல் பானகமாகிப்போனதையும், ஒரு மாசத்துக்குக் கடற்கரைப் பெண்கள் மீன் குழம்பு இனிக்கிறது என்று புருஷன்மாரோடு சண்டை பிடித்ததையும், எறும்புகள் வரிசை வைத்து அலைமேல் நடந்து போனதையும் நான் சொன்னதாகச் சொல். அன்றைக்கு இதையெல்லாம் சொல்லி நான் உன்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. உன் அம்மா பாம்படத்தைக் கழற்றி ஆசாரியிடம் கொடுத்துவிட்டு, காதுத் துளையில் ஓலைச் சுருளைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள், அதைப் பார்த்துவிட்டுத்தான், சண்டை ஓய்ந்ததும் நீ கப்பல் ஏறினாய்.

போன வருஷம் உன் கடைசித் தொகை வந்ததும் உன் அம்மாதான் மண்டிக்குப் போய்க் கட்டினாள். அண்ணாச்சி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஒரு ரூபாயை மட்டும் அவள் உள்ளங்கையில் திருப்பி வைத்து விரல்களை மடக்கி, ஏளா வடிவு, உம் பிள்ளை இன்னும் கடலுக்கு அந்தப் பக்கந்தானே நிக்கான், இதை நான் எப்படி வாங்குவேன், அவன் கையாலே கொண்டுவரட்டும் என்றார். அவள் அதை மஞ்சள் துணியில் முடிந்து செந்தூர் முருகன் படத்துக்குப் பின்னாலே வைத்தாள். சாமி கும்பிடுகிறபோதெல்லாம் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்ப்பாள்.

உன் கடிதம் வந்த மறுநாளே நான் மண்டிக்கு ஓடினேன். பாக்கி ஒன்றும் இல்லை என்று இரண்டு வரி எழுதி ஸ்டாம்பு ஒட்டிக் கொடுங்கள் அண்ணாச்சி என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, ஏலே சிவனாண்டி, வாங்காத ரூபாயை வாங்கினேன்னு எழுதச் சொல்லுதியா, நீ அவுத்துவிடுத கதையில என்னையும் சேக்கியா என்றார். நான் என் மடியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினேன். தொடவே மாட்டேன் என்றார். வாங்கித்தான் ஆகணும்னா அது அந்த வீட்டுக் கையிலே இருந்து வரணும், அவன் வரணும் இல்லைன்னா பெத்தவ வரணும், நீ கொண்டாந்து எறிஞ்சா அது என்ன கணக்கு என்றார். அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். சாக்கைத் தடவிக்கொண்டே, நான் பெருமையாத்தானடா சொன்னேன் ஏட்டுகிட்ட, அந்தப் பயலுக்கு நல்லதுன்னுதானடா சொன்னேன் என்று இரண்டு தரம் சொன்னார். கண் கலங்கியிருந்தது. இந்தத் தூத்துக்குடியிலே தளவாய் அண்ணாச்சி கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். பிள்ளை கடல் தாண்டி நிற்கிறபோது அந்த ரூபாயைக் கட்டினால் அவனை அங்கேயே விட்டுவிட்டதாக ஆகும் என்கிறாள். அதுவும் என்ன உத்தியோகம், காட்டுக்குள்ளே கம்யூனிஸ்டுக்காரர்கள் ஒளிந்திருந்து சுடுகிறார்களாம், அங்கே போய்ப் போலீஸ் என்று நிற்கிறவனுக்காக இங்கே இழவு வீட்டு ரூபாயைக் கட்டச் சொல்லுதீகளே கொழுந்தனாரே, உங்களுக்கு வாய் எப்படி வந்துது என்றாள். உன் சித்தியும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டு, போலீசும் வேண்டாம் பட்டாளமும் வேண்டாம், அரிசிக்கடையிலே கணக்கு எழுதினா கை நோகுதாமா என்று சண்டைக்கு வந்தாள். நான் உன் பக்கம் பேசினேன். கடன்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு ஊரை விட்டுப் போனவன், அந்தப் பெயரைத் துடைத்துவிட்டு ஒரு சட்டை போட்டு நிமிர்ந்து நிற்க ஆசைப்படுகிறான், இப்போது பொய்யன் என்றும் ஒரு பெயரை நாமே தைத்து அனுப்புவதா என்று கேட்டேன். உன் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இனி உன் அம்மாவைப் பற்றி. நான் எழுதுகிற எதையும் நீ பாதிக்குப் பாதி கழித்துக்கொண்டுதான் படிப்பாய், அது எனக்குத் தெரியும். இந்தப் பத்தியில் எதையும் கழிக்காதே. ஆடியிலிருந்து அவளுக்குக் கால் வீங்குகிறது. முதலில் சாயங்காலம் வீங்கிக் காலையில் வடியும், இப்போது வடிவதில்லை. கிணற்றடிவரை போனால் மூச்சு வாங்கி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறாள். தலையணையை அடுக்கி வைத்துச் சாய்ந்துதான் தூங்குகிறாள். இந்தச் சண்டைக்கு மறுநாள் தூத்துக்குடி டாக்டரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் நெஞ்சிலே குழலை வைத்துப் பார்த்துவிட்டு, என்னை வாசலுக்கு அழைத்து, இருதயம் வீங்கிப்போயிருக்கு, மருந்து கொடுக்கிறேன், ஆனால் ரொம்ப நாள் தாங்காது, வெளியூரில் பிள்ளைகள் இருந்தால் சொல்லி அனுப்புங்கள் என்றார். தை வரை இருக்கலாம், மாசி வரை இருக்கலாம், அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நான் உள்ளே வந்து, டாக்டர் உங்களுக்கு நூறு வயசு எழுதிக் கொடுத்துவிட்டார் மதினி, இந்த மருந்தை முகர்ந்தால் போதும், முத்துக் குளிக்கவே போகலாம் என்றேன். அவள் சிரித்தாள். பின்னே, வாசலில் பேசினது கட்டில்வரைக்கும் கேக்குது கொழுந்தனாரே, பையனுக்கு இதை எழுதாதீக என்றாள். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எழுதுகிறேன்.

டாக்டர் வந்துபோன மறுநாள் காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது அவள் குளித்து, நீ அனுப்பிய நீலக்கரைச் சேலையைக் கட்டிக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த மஞ்சள் முடிச்சு. ஒரு ஜட்கா பிடியுங்க, அண்ணாச்சி மண்டிக்குப் போகணும் என்றாள். சித்தி ஓடிவந்து, என்னக்கா, நேத்துவரைக்கும் மாட்டேன்னுட்டு இன்னைக்கு என்ன என்று கத்தினாள். நீ சும்மா இரு சீனி, நேத்துவரைக்கும் அவன் வந்துருவான்னு இருந்தேன் என்றாள் உன் அம்மா. சித்தி உள்ளே ஓடி, வண்டியில் வைக்கத் தலையணை எடுத்து வந்தாள். நாங்கள் இரண்டு பேருமாகத்தான் வண்டியில் ஏற்றிவிட்டோம். கைத்தாங்கலாக இறக்கி மண்டிக்குள் கூட்டிப்போனேன். அண்ணாச்சி எழுந்து நின்றார். மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள், அவள் ஏன் வந்திருக்கிறாள் என்று அவர்களுக்கும் தெரியும்.

அவள் முடிச்சை அவிழ்த்து ரூபாயை எடுத்து, எம் பிள்ளை பாக்கி அண்ணாச்சி, வாங்கிக்கோங்க என்றாள். யோசிச்சுக்கோ வடிவு என்றார் அவர். யோசிச்சாச்சு, அவன் பொய் சொல்லுத பிள்ளை இல்லைன்னு அந்தத் துரைக்குத் தெரியணும், நீங்க ரசீது எழுதுங்க என்றாள். அண்ணாச்சி இரண்டு கையாலும் அந்த ரூபாயை வாங்கினார். ரசீதைத் தன் கையாலேயே எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி என்னிடம் தந்தார். அதை இதனோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக எடுத்துக்கொள். வன்னியபெருமாள் வகையில் எனக்கு வர வேண்டியது ஒன்றும் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார். துரை பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஒரு பைசா பாக்கி கிடைக்காது.

வேலை முடிந்தது, வாங்க மதினி என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி, எனக்கு ஒரு ரூபா கடன் வேணும் என்றாள். எனக்கு விளங்கவில்லை. அண்ணாச்சிக்கும் முதலில் விளங்கவில்லை, மருந்துக்கா தாயி, ஒரு ரூபா என்ன, எவ்வளவு வேணும் சொல்லு என்றார். மருந்துக்கு இல்லை, ஒரே ரூபா, எம் பேர்ல எழுதுங்க, போலீஸ்காரனுக்குத்தானே கடன் இருக்கக் கூடாது, அவன் ஆத்தாளுக்கு இருக்கலாமில்லா என்றாள். அண்ணாச்சி பேரேட்டைத் திறந்து புதுத் தாளில் சண்முகவடிவு என்று பேர் எழுதி, அவள் கொடுத்த அதே ரூபாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, போன வருஷம் மடக்கியது மாதிரியே விரல்களை மடக்கினார். இதை நீ திருப்பித் தரக் கூடாது வடிவு, நீ தந்தா நான் வாங்க மாட்டேன் என்றார். எனக்குத் தெரியுமே அண்ணாச்சி, அதுக்குத்தானே வாங்குதேன் என்றாள் அவள்.

திரும்பி வரும்போது வண்டியில் அவள் களைத்துப்போய் என் தோளில், அந்தச் சரிந்த தோளில்தான், சாய்ந்துகொண்டு வந்தாள். போலீசுல சேரட்டும், சட்டை தொப்பி எல்லாம் போட்டு ஒரு போட்டா எடுத்து அனுப்பச் சொல்லுங்க, நான் இருந்தா பாக்கேன் என்றாள். உப்பளத்துப் பக்கம் வந்தபோது, வெயில் கண்ணைக் கூசுது என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வீடு வருகிறவரை எடுக்கவில்லை. நான் ஒரு கதை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வண்டிக்காரனிடம் மெதுவாகப் போ என்றுதான் சொன்னேன். அந்த முடிச்சு பழையபடி முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

மகனே, ரசீது உன் கையில் இருக்கிறது. அதைத் துரையிடம் கொடுத்தால் சட்டை உனக்கு. சட்டை போட்டால் மூன்று வருஷத்துக்கு லீவு கிடையாது என்று நீயே எழுதியிருக்கிறாய். கொடு என்றும் நான் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. அவள் கொடுக்கச் சொல்லித்தான் வாங்கி வந்தாள். டாக்டர் சொன்னதை நான் சொல்லிவிட்டேன். இதற்கு மேல் உன் வயசு உனக்குத் தெரியும். இதை ஆகாயத் தபாலில் போடுகிறேன், ஸ்டாம்பு விலையைக் கேட்டு உன் சித்தி தலையில் கை வைத்தவள் இன்னும் எடுக்கவில்லை.

எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. மழையில் நனைந்தால் தலையைத் துவட்டு. போலீஸ் ஆகிவிட்டால் காட்டுப் பக்கம் அனுப்பும்போது முன்னாலே ஓடாதே, பின்னாலே ஒளியவும் செய்யாதே, நடுவிலே போ. கைநீட்டிக் காசு வாங்காதே. கடன்பட்டவன் வீட்டு வாசலில் போய் நிற்கிற வேலை வந்தால், அவன் அம்மா வெளியே வருகிறபோது நீ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள். செந்திலாண்டவன் உன்னை ஒரு முள் குத்தாமல் காப்பாற்றட்டும். உன் அப்பாவின் ஆசியும், சித்தியின் ஆசியும், அம்மாவின் ஆசியும் உனக்கு உண்டு. நான் இதை எழுதும்போது அம்மா பக்கத்தில்தான் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறாள், நான் கடைக்கணக்கு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மறந்துவிடாதே. அந்த ரூபாய்க்கு மணியார்டர் அனுப்ப வேண்டாம். நான் கட்டட்டுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன், கடைப் பலகையைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்துவிட்டார். அவள் இருக்கும்போது வந்தாயானால் அண்ணாச்சி அதை வாங்க மாட்டார், இன்னும் கிடக்கட்டும் என்று உன் கையை மடக்கி அனுப்புவார். அப்புறம் வந்தாயானால் வாங்கிக்கொள்வார். எப்படியானாலும் ரூபாய் இங்கே இருக்கிறது, உன் கைதான் வேண்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
சிவனாண்டி